பதிவுச் சான்றும் கொடுப்போர் கடமையும்

நன்கொடை கேட்டு வருவோரிடம் நாம் அறிந்துகொள்ள வேண்டுவன யாவை? இவ்வினாவிற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடைமுறை நல்லதொரு பாடமாகும். நம் மக்கள் பலர் அங்கு வாழ்வதால் அதனை அறிவது பயன் தரும்.

அங்கு மத்திய அரசு அளிக்கும் வருமான வரி விலக்கைப் பெற்றுவிட்டால், எம்மாநிலத்திலும் நிதி திரட்டலாம் என்று சிலர் கருதுவர். அது சரியன்று. நிதி திரட்டுவோர் தம்மிடம் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஏறத்தாழ 40 மாநிலங்கள் விதித்துள்ளன. நியூயார்க், கலிபோர்னியா ஆகிய மாநிலங்களில் அம்மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் இப்பணியைக் கவனிக்கின்றது. ஆண்டுதோறும் கணக்கறிக்கையும் அளித்தல் வேண்டும். சமய நிறுவனங்கட்குப் பல மாநிலங்கள் விலக்களித்துள்ளன.

பதிவு பெற்றமை நேர்மைக்குச் சான்றாகுமா? ஆகாது. இதனை இரு வழக்குகளால் அறியலாம்.

இல்லினாய் மாநிலத்து ஷாம்பர்க் என்னும் ஊர், திரட்டும் தொகையில் 75 விழுக்காடேனும் அறப்பணிக்குச் செலவிடாத அமைப்புகள் வீடுதோறும் நிதி திரட்டலாகாது என்று விதித்தது. நன்கொடை கேட்டலும் பேச்சுரிமையின்பாற்படும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1980-இல் அவ்விதியைத் தள்ளியது.

பின்னர் அதே மாநிலத்தில், முன்னாள் போர்வீரர்க்கென நிதி திரட்டிய தொலைபேசி முகவர்கள் ஒவ்வொரு டாலரிலும் 85 சென்டைத் தாமே எடுத்துக்கொண்டனர். கொடுத்தவர்களிடமோ, பெரும்பகுதி வீரர்க்கே செல்லும் என்று கூறினர். 2003-இல் உச்ச நீதிமன்றம், மிகுந்த கட்டணம் ஒன்றே மோசடியாகாது. ஆனால் பொய் கூறிப் பொருள் பெற்றோர்மீது மாநிலம் மோசடி வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது.

எனவே, அரசு பதிவைக் கேட்கலாம், கணக்கைக் கேட்கலாம், பொய்யைத் தண்டிக்கலாம். இத்துணை பங்கு அறத்திற்கே செல்லவேண்டும் என்று வரையறுக்க இயலாது. அதனை ஆராய்தல் கொடுப்போர் கடமையாகின்றது.

ஆகவே நாம் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. முதலாவது, நிறுவனம் நம் மாநிலத்தில் பதிவு பெற்றுள்ளதா, விலக்குப் பெற்றதா? இரண்டாவது, கேட்பவர் ஊதியமின்றித் தொண்டு செய்பவரா, கட்டணம் பெறும் முகவரா? மூன்றாவது, 100 டாலர் கொடுத்தால் பணிக்குச் செல்வது எவ்வளவு? மத்திய அரசுக்கு அளிக்கும் 990 எண் படிவத்தில் வரவு செலவு காணப்படும். அதனை அளிக்கும் நிறுவனங்கள், கேட்போர்க்குக் காட்டக் கடமைப்பட்டவை.

கேட்டறிந்து கொடுத்தல் ஐயுறவன்று. கொடுத்த பொருள் உரியவரைச் சேரவேண்டும் என்னும் அக்கறையேயாகும். நேர்மையான நிறுவனம் இவ்வினாக்களை மகிழ்ந்து ஏற்கும்.