கடல்மணலும் கல்தூசியும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் மாலை வேளையில் அமர்ந்திருப்பவர்கள், பேசிக்கொண்டே மணலை அள்ளி விரலிடுக்கின் வழியாக ஒழுகவிடுவதைக் காணலாம். சாலையைக் கடந்து உள்ளே வந்தாலோ, பழைய வீட்டை இடித்தோ புதுப்பித்தோ வேலை நடவாத தெருவைக் காண்பது அரிது. அண்மையில் அத்தகைய வீடொன்றின் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில், டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரைக் கண்டேன். பிளேடு பட்ட இடத்திலிருந்து வெண்புகை எழுந்து அவரை மறைத்தது. மிஷின் நின்று புகை விலகியபோது, இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத அவருடைய இமைமயிர் கிழவருடையதைப் போல வெளுத்திருந்தது. தண்ணீர் விட்டு அறுக்கலாகாதா என்று கேட்டேன். "தண்ணி விட்டா தரையெல்லாம் சேறாவுது ஸார், வீட்டுக்காரங்க சத்தம் போடறாங்க. மண்ணுதானே, ஒண்ணும் ஆவாது" என்றார்.

‘மண்தானே’ என்னும் அந்த எண்ணம் அவருக்கு மட்டும் உரியதன்று. வேலை செய்பவர், வேலை வாங்குபவர் இருவரிடமும் பல உருவங்களில் அது உலவி வருகிறது. அவற்றுள் சிலவற்றை இங்கே ஆராய்வோம்.

நம்பிக்கை: கடற்கரை மணலில் புரண்டு வளர்ந்தவர்களை மணல்தூசி என்ன செய்துவிடும்?

உண்மை: கடல்மணலிலும் கல்தூசியிலும் சிலிக்கா என்னும் ஒரே படிகம் இருக்கிறது என்பது மெய்யே, வேற்றுமை அளவில் இருக்கிறது. அலைகள் காலங்காலமாக உருட்டி மழுக்கிய மணற்பரல் ஏறக்குறையக் கால் மில்லிமீட்டர் பருமன் உள்ளது. காற்றில் எழுந்தாலும் உடனே வீழ்ந்துவிடும், மூக்கில் புகுந்தாலும் தும்மலோடு வெளியேறும். நிமிஷத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் பிளேடு கல்லைப் பொடித்து எழுப்பும் துகளோ, மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கினும் சிறிதாகி, மணிக்கணக்காகக் காற்றில் மிதந்து, சுவாசகோசத்தின் கடைசி நுண்ணறை வரையில் சென்று தங்கிவிடுகிறது. அதை விழுங்கி அழிக்க வரும் தேகத்தின் காவல் அணுக்கள், அதை ஜீரணிக்க மாட்டாமல் தாமே மடிகின்றன; மடிந்த இடத்தில் வடு விழுகிறது; வடுவின்மேல் வடு சேர்ந்து, பஞ்சு போலிருந்த சுவாசகோசம் இறுகிவிடுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இமையில் படிந்த வெண்தூசி இளைஞரின் கண்ணை உறுத்தியது. அவர் பார்க்க முடியாத தூசியே அவருடைய ஆயுளைக் குறைக்கக்கூடியது.

நம்பிக்கை: இது சுரங்கத்து நோய், பட்டணத்தில் இதற்கு என்ன வேலை?

உண்மை: நம் நாட்டில் இந்நோய் முதலில் வெளிப்பட்டது சுரங்கத்தில்தான். வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சென்ற கோலார் தங்க வயலில், வெகு காலத்துக்கு முன்பே இது அறிவிக்கப்பட்டது. ஆனால், சிலிக்கா எங்கே பொடிபடுகிறதோ அங்கெல்லாம் நோயும் உண்டு. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் சார்னகைட் என்னும் பாறையில் சிலிக்காப் படிகமாகிய குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. அத்தகைய பாறையை ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைக்கும் கிரஷர், கோயம்புத்தூர் வார்ப்படச் சாலை, மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம், கான்கிரீட்டை உடைக்கும் தெருவேலை, சமையலறைக்குக் கிரானைட் பலகை அறுக்கும் வீட்டு வாசல் ஆகிய எல்லாமே இவ்விஷயத்தில் சுரங்கத்துக்கு உறவுதான். தூள் செய்த குவார்ட்ஸைப் பிசினால் இறுக்கிச் செய்யும் செயற்கைக் கற்பலகையில் சிலிக்கா நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேலும் இருப்பதுண்டு. அதை அறுத்த இளந்தொழிலாளர் பலர் சில ஆண்டுகளுக்குள்ளேயே நோயில் வீழ்ந்ததைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அப்பலகையையே தடை செய்துவிட்டது.

நம்பிக்கை: முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் போதும்.

உண்மை: துண்டின் நெசவில் உள்ள இடைவெளி, இந்தத் துகளுக்குக் கோபுர வாசலைப் போன்றது. ஆஸ்பத்திரியில் கட்டும் மெல்லிய முகமூடியும் கன்னத்தின் இருபுறமும் காற்றுக்கு வழிவிடுவதால் பயன்படாது. என்-95 போன்ற முகமூடி, முகத்தோடு இறுகப் பொருந்தி, தாடியின் இடையூறும் இல்லாதிருந்தால் ஓரளவு காக்கும். ஆயினும் சென்னை வெயிலில் எட்டு மணி நேரம் அதை அணிந்து உழைப்பது எளிதன்று. ஆகையால் முகமூடி கடைசிக் காவலாகவே இருக்கத் தக்கது. முதற் காவல், தூசியை எழவிடாமலே செய்வது: பிளேடின் மேல் குழாய்வழி இடைவிடாது நீர் விழச் செய்வது, அல்லது தூசி பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சும் கருவியைப் பொருத்துவது. அமெரிக்காவில் 2016-இல் விதித்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்; அதாவது, தூளுப்பின் ஒரே ஒரு பரலின் எடை.

நம்பிக்கை: வெல்லமோ வாழைப்பழமோ தின்றால் தூசி வெளியேறிவிடும்.

உண்மை: வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் பல ஆலைகளில் உண்டு, கொடுப்பவர்களின் நல்லெண்ணத்தையும் நான் சந்தேகிக்கவில்லை. லக்னோ ஆராய்ச்சியாளர்கள் வெல்லம் ஊட்டிய எலிகளின் சுவாசகோசத்திலிருந்து துகள்கள் சற்று விரைவாக அகன்றதாக 1994-இல் எழுதியதும் உண்டு. ஆனால் எலியிடம் கண்ட அந்தக் குறிப்பு, நாள்தோறும் தூசியைச் சுவாசிக்கும் மனிதனுக்குக் காப்பாகிவிடாது. உண்ட பழம் இறங்குவது உணவுக்குழாயில். தூசி தங்குவது அதற்கு வேறான சுவாசகோசத்தின் ஆழத்தில். வெல்லம் பசிக்கு உதவட்டும். காவலாக அதைக் கருதுவது, விலக்கத்தக்க அபாயத்தை அனுமதிப்பதாகும்.

நம்பிக்கை: இருமலும் இளைப்பும் வந்தால் அது டிபிதான், மருந்து தின்று, வேலையை மாற்றிக்கொண்டால் குணமாகிவிடும்.

உண்மை: இரண்டு நோய்களுக்கும் அறிகுறிகள் ஒன்றுபோலத் தோன்றும், எக்ஸ்ரே படமும் சில வேளை மயக்கும். அதனினும் கொடியது, சிலிக்கா புகுந்த சுவாசகோசத்தில் காசநோய் எளிதாகப் பற்றுவது. 1928-இல் தாம்பரம் சானடோரியத்தை நிறுவியதும், வீட்டிலிருந்தே காசநோய்க்குச் சிகிச்சை பெறலாம் என்று சேத்துப்பட்டில் ஆராய்ந்து உலகுக்குக் காட்டியதும் சென்னைதான்; ஆகவே இங்குள்ள வைத்தியர்கள் இருமிக்கொண்டு வரும் ஒவ்வொருவரிடமும் "என்ன வேலை செய்கிறீர்கள், இதற்குமுன் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பது அவசியம். டிபி மருந்து டிபியைக் குணப்படுத்தும். சிலிக்கோசிஸ் வடுவை அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை. வேலையை விட்டபின்னும் அந்த வடு வளரக்கூடும். தூசியைச் சுவாசித்துப் பத்து இருபது ஆண்டுகள் கழித்தே நோய் வெளிப்படுவதும் உண்டு. 1997-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சிலிக்காத் துகளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது.

நம்பிக்கை: கூலிக்காரருக்கு வந்த நோய்க்கு யார் பொறுப்பு?

உண்மை: 1923-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்வழி வரும் நோய்க்கும் ஈடு கேட்க வழி செய்தது, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. குஜராத்தின் குவார்ட்ஸ் ஆலைகளில் உழைத்து இறந்த 238 மத்தியப் பிரதேசத் தொழிலாளரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று லட்சம் ரூபாய் தரும்படி 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும், மேஸ்திரி சொல்லி வந்து ஒரு வாரத்தில் வேறு வீட்டுக்குப் போய்விடும் கொத்தனாரும் சித்தாளும், தாம் எங்கே எந்தத் தூசியைச் சுவாசித்தோம் என்று எழுத்தில் காட்ட இயலாதவர்கள். சட்டம் சென்று எட்டாத அந்த இடத்தில் எஞ்சி நிற்பது வேலை கொடுப்பவரின் மனசாட்சி ஒன்றே.

ஆகவே, வீட்டில் டைல்ஸோ கிரானைட்டோ பதிக்க இருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. நீர்க்குழாய் பொருத்திய மிஷினும், நீர் பட்டு மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்சும் இருக்கின்றனவா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்கவிடாமல் நனைத்து அள்ளச் சொல்லுங்கள். சேற்றையும் காய்ந்து மீண்டும் தூசியாகுமுன் அப்புறப்படுத்துங்கள். வேலை தொடங்கும் முதல் நாள் காலையில், அறுப்பவர் காதில் விழும்படி நீங்களே சொல்லிவிடுங்கள்: "தண்ணீர் விட்டே அறுங்கள் தம்பி, தரை சேறானால் நாங்கள் கழுவிக்கொள்கிறோம்."