ராலே சாரின் பெயர்

புது சைக்கிளோடு ஞாயிறு விடியலில் ஈசிஆருக்கு வந்து சேரும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும், எழுபதை நெருங்கும் பழைய சைக்கிள்காரன் ஒருவன் சொல்வது. எந்த டயர் நல்லது, ஏற்றத்தில் எந்த கியர் போடுவது என்பதையெல்லாம் உங்கள் வயதுக்காரர்களே சொல்லித்தருவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது மட்டும் இங்கே.

1. பக்கத்தில் ஓட்டி வருகிறவரின் பெயரைக் கேளுங்கள். முழுப்பெயர்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் இருந்தார். பழைய ராலே சைக்கிள், பிரவுன் தோல் சீட், முன்னால் ஒரு பித்தளை மணி. நாங்கள் அவரை ராலே சார் என்போம். இரண்டு வருடம் ஒன்றாக ஓட்டினோம். டீக்கு சர்க்கரை வேண்டாம் என்பார், எதிர்காற்றில் தானே முன்னால் போய் நின்று எங்களுக்கு மறைப்புக் கொடுப்பார், இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். எந்தத் தெருவில் இருக்கிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஏழெட்டு வருடம் இருக்கும். முட்டுக்காடு பாலம் தாண்டி, காலை ஆறு பத்துக்கு, யாரும் இடிக்காமல், எதன்மீதும் மோதாமல், நடைபாதை ஓரமாகச் சாய்ந்தார். சாய்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்; விழுந்த சத்தம்கூட இல்லை. மணி மட்டும் ஒருமுறை அடித்தது.

ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயது என்ன, சுகர் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். நாங்கள் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். போன் நம்பர் இருந்தது, 'ராலே சார் ஈசிஆர்' என்று பதிந்திருந்தேன். அடித்தேன். அவருடைய ஜெர்சி பாக்கெட்டிலேயே ஒலித்தது.

பிறகு போலீஸ்காரர் வந்து பெயர் கேட்டார். யாரோ பழக்கதோஷத்தில் "ராலே சார்" என்றார்கள். அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து, "கிறிஸ்டியனா?" என்றார்.

எட்டே முக்காலுக்கு அந்த போன் தானாக அடித்தது. திரையில் 'வீடு' என்று இருந்தது. நான்தான் எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா, வரும்போது ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னார்.

ஆறு பத்திலிருந்து எட்டே முக்கால். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றித்தான். உயிர் வேறு விஷயம். அது விழுந்த இடத்திலேயே போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

2. அடையாளம் உடம்பில் இருக்கட்டும், சைக்கிளில் வேண்டாம்.

சீட்டுக்கு அடியில் உள்ள பையில் அட்டை போட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்வீர்கள். விழுந்தபிறகு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். சைக்கிள் டீக்கடை ஓரத்திலோ ஸ்டேஷன் வாசலிலோ நிற்கும். ஹெல்மெட்டைக் கழற்றி எங்கோ வைத்துவிடுவார்கள். ஷூவும் அப்படித்தான். ஜெர்சியைக் கத்தரியால் வெட்டும்போது அதன் பாக்கெட் எந்தப் பக்கம் போயிற்று என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

கையில் பட்டை, கழுத்தில் தகடு, இரண்டில் ஒன்று போதும். கடையில் விற்கும் பட்டை விலை அதிகம் என்றால் சாவிக் கடையில் ஒரு சிறிய எவர்சில்வர் தகட்டில் பெயரும் நம்பரும் பொறித்துக் கேளுங்கள். நான் அதை அரைஞாண் கயிற்றில் கோத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். நம் ஊரில் ஆண்பிள்ளை உடம்பைவிட்டுக் கடைசியாகப் போகிற பொருள் அதுதான்.

தகடு பிடிக்கவில்லை என்றால் அட்டை. ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, வெட்டும்போது சுற்றிலும் கொஞ்சம் பிளாஸ்டிக் விளிம்பு விடச் சொல்லுங்கள். எழுத்து வரைக்கும் ஒட்ட வெட்டினால் வியர்வை உள்ளே புகுந்துவிடும். ஜெல் பேனாவால் எழுதிய என் முதல் அட்டை மாமல்லபுரம் போய் வருவதற்குள் நீலக் குழம்பாகிவிட்டது.

3. என்ன எழுதுவது?

பெயர். பிறந்த வருடம் (வயது என்று எழுதினால் வருடாவருடம் பொய்யாகும்). இரண்டு போன் நம்பர், அவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்பதோடு. சுகர், பிரஷர் உண்டா. இதயத்தில் ஸ்டென்ட், பேஸ்மேக்கர் உண்டா. ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா. இது முக்கியம், தலையில் அடிபட்டால் டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது.

ரத்த வகையையும் போடுங்கள், தவறில்லை. ஆனால் அதை மட்டும் பெரிய சிவப்பு எழுத்தில் போட்டு, மற்றதை விட்டுவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்துப் பார்த்துத்தான் ரத்தம் ஏற்றுவார்கள். உங்கள் அம்மாவின் போன் நம்பரை எந்த லேபிலும் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாது.

முகவரி தேவையில்லை. குறிப்பாகத் தங்கச்சிகள் போடவேண்டாம். அட்டை எங்காவது தொலைந்தால் வேண்டாதவன் கையில் கிடைக்கும். நம்பர் போதும்.

4. ஆதார் இருக்கிறதே என்பவர்களுக்கு.

விரலை வைத்தால் யாரென்று தெரிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். ஆதாரில் நடக்கும் சரிபார்ப்பு, கொடுத்த எண்ணுக்கும் வைத்த ரேகைக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. எண்ணே தெரியாமல் நினைவில்லாமல் கிடப்பவருக்கு அது உதவாது. பிளாஸ்டிக் அட்டையை எடுத்து வந்தாலும் அதில் மூன்று வாடகை வீட்டுக்கு முந்தைய முகவரிதானே இருக்கும்! வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று அதில் இருக்காது.

5. போனை நம்பலாம், பாதி.

2005-ல் இங்கிலாந்தில் பாப் பிராட்சி என்ற ஆம்புலன்ஸ் ஊழியர் ஒரு யோசனை சொன்னார்: அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவரின் பெயருக்கு முன்னால் 'ஐஸ்' என்று மூன்று ஆங்கில எழுத்தைச் சேர்த்துப் பதிந்து வையுங்கள், யார் எடுத்தாலும் கண்டுபிடிப்பார்கள் என்று. பட்டன் போன் காலத்துக்கு அருமையான யோசனை. இப்போது எல்லா போனுக்கும் பூட்டு. ராலே சாரின் போனில் அப்படிப் பதிந்திருந்ததோ என்னவோ, திறந்தால்தானே தெரியும்.

ஆகவே பூட்டிய திரையிலேயே தெரியும்படி வையுங்கள். ஐபோனில் ஹெல்த் ஆப்புக்குள் மெடிக்கல் ஐடி இருக்கிறது. பூட்டியிருக்கும்போதும் காட்டு என்ற வசதியை ஆன் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் எமர்ஜென்சி என்று தேடினால் கிடைக்கும். நிரப்பியபின் போனைப் பூட்டி, பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்து, என் வீட்டு நம்பரைக் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். என் சம்பந்தி ஐந்து நிமிடம் தேடிவிட்டு டார்ச்சைப் போட்டார்.

6. வீட்டில் சொல்லி வையுங்கள்: ஞாயிறு காலையில் தெரியாத நம்பர் வந்தால் எடுக்க வேண்டும். லோன் வேண்டுமா என்று கேட்பவன் தொல்லையால் இன்று யாரும் தெரியாத அழைப்பை எடுப்பதில்லை. விபத்துச் செய்தி எப்போதும் தெரியாத நம்பரிலிருந்துதான் வரும்.

7. நெஞ்சை ஏமாற்றாதீர்கள்.

அன்று விழுவதற்கு முன், வழியில் அக்கரை என்ற இடத்தில் ராலே சார் ஒரு நிமிடம் நின்றார். நெஞ்சைத் தடவிவிட்டு, "நேத்து கல்யாணச் சாப்பாடு, வாயு" என்று சொல்லி ஒரு சோடா குடித்தார். ஏப்பம் விட்டார். நாங்களும் சிரித்துக்கொண்டே கிளம்பினோம். இதை நான் இப்போதும் ஒருநாள் விட்டு ஒருநாள் நினைக்கிறேன்.

நம் ஊரில் வாயு என்ற சொல் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது! ஓட்டும்போது வந்து, நின்றால் குறைகிற வலி இதயத்தினுடையதாக இருக்கலாம். தாடை, இடது தோள், மேல்வயிறு எங்கேயும் வரலாம். பல வருடம் சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுவாங்கலும் குளிர்ந்த வியர்வையுமாக வரலாம். இறங்குங்கள், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள்.

நாற்பதைத் தாண்டியபின் சைக்கிள் வாங்கியவர்கள் முதல் நூறு கிலோமீட்டருக்கு முன் டாக்டரைப் பாருங்கள். இளவட்டங்களுக்கும் சொல்கிறேன். 2018 ஏப்ரல் 8 அன்று பிரான்சில் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் மைக்கேல் கூலார்ட்ஸ் என்ற பெல்ஜிய வீரர், வயது 23, ஓட்டும்போதே இதயம் நின்று விழுந்தார். அன்றிரவு லீல் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் முதுகில் நம்பர் இருந்தது; அவர் யாரென்று தெரியாமல் யாரும் விழிக்கவில்லை. இளம் வயதில் இப்படி நேர்வதற்குப் பெரும்பாலும் பிறவியிலேயே இதயத் தசையிலோ அதன் மின்துடிப்பிலோ உள்ள கோளாறு காரணம். வீட்டில் சித்தப்பாவோ மாமாவோ சின்ன வயதில் "தூக்கத்திலேயே போய்ட்டார்" என்ற கதை இருந்தால், ஓட்டும்போது எப்போதாவது மயங்கியிருந்தால், ஈசிஜியும் எக்கோவும் எடுங்கள். காய்ச்சலோடு ஓட்டாதீர்கள். வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையையும் தாக்கும்.

8. விழுந்தவரின் கையில் சாவி கொடுக்காதீர்கள்.

ராலே சாருக்குக் கைகால் லேசாக வெட்டியது. வலிப்பு என்று நினைத்து எங்களில் ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். வாய் திறந்து திறந்து மூடியது, மூச்சு இருக்கிறது என்று நிம்மதியானோம். அது மூச்சில்லை. இதயம் நின்றவுடன் உடம்பு அப்படி உதறும், மீன்போல வாய் திறக்கும் என்று பிறகு முதலுதவி வகுப்புக்குப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சீராக இல்லை என்றால் ஒருவர் 108-க்கு அடிக்கட்டும், இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கையையும் வைத்து அழுத்தட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், கை நன்றாகக் களைத்துப்போகும். அழுத்தாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு பத்து சதவீதம் அளவுக்குக் குறைகிறது. நாங்கள் எத்தனை நிமிடம் சாவியோடு நின்றோம் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு தைரியம் இல்லை.

கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஒதுங்காதீர்கள். உதவி செய்பவரை அலைக்கழிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள்.

9. போலீஸ் கேட்பதற்குக் கோபப்படாதீர்கள்.

சாலையில் ஒருவர் திடீரென்று இறந்தால் வண்டி இடித்ததா, இதயம் நின்றதா என்று அவர்கள் பார்த்தே ஆகவேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு என்பார்கள், 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அது 194. பிரேதப் பரிசோதனை, வாக்குமூலம் எல்லாம் உண்டு. உறவினர் வந்து இவர்தான் என்று சொல்லும்வரை உடல் மார்ச்சுவரியில் காத்திருக்கும், 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார்' என்ற வரியோடு. ராலே சாருக்கு அந்த வரி பதினொரு மணிவரைக்கும்தான் இருந்தது. அவர் மகன் வந்து பெயரைச் சொன்னார். இனிஷியலோடு சொன்னார். அழகான பெயர். அதை அன்றுதான் நாங்கள் முதல்முறை கேட்டோம்.

10. வருடத்துக்கு ஒருமுறை அட்டையைப் படித்துப் பாருங்கள்.

பொங்கலுக்கு முன்னால் வீடு ஒழிப்பீர்கள் அல்லவா, அன்றைக்கு. இதை எழுத உட்காரும்போது என் அட்டையை எடுத்துப் பார்த்தேன். முதல் நம்பர் சரி. இரண்டாவது, வீட்டு லேண்ட்லைன். அந்த இணைப்பைத் துண்டித்து ஐந்து வருடம் ஆகிறது. ஜெராக்ஸ் கடைக்காரன் பத்து மணிக்குத்தான் திறக்கிறான்.