முதுகில் தட்டும் கை

புனேயின் ஹடப்சரில் வசிக்கும் அன்புத் தங்கைக்கு,

உன் குடியிருப்பு சோசைட்டியில் மாலை ஆறு மணி எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பையன்கள் செங்கல்லை அடுக்கி விக்கெட் வைத்துவிடுவார்கள். பத்து வயதுவரை அவர்களோடு ஓடிய பெண்பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்றில் ஓரத்து பெஞ்சுக்கு நகர்ந்திருப்பார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை; யாரும் கூப்பிடவும் இல்லை.

எல்லா ஊரிலும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேர் தினம் ஒரு மணி நேரம்கூட ஓடியாடுவதில்லை. பையன்களில் 78.

ஆனால் புனேக்காரிக்கு ஒரு தனி உரிமை உண்டு. கோ-கோ ஆட்டத்துக்கு 1914-இல் விதிகள் வகுத்தது இதே ஊரின் டெக்கான் ஜிம்கானா. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையில், இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை 78-40 என்று வென்ற இந்தியப் பெண்கள் அணியின் தலைவி பிரியங்கா இங்ளே, புனேக்காரர்.

அந்த பெஞ்சுப் பெண்பிள்ளைகளுக்குக் கோ-கோவை எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், இரண்டு கம்பம் போதும். வழக்கமான ஆட்டத்தில் துரத்தும் அணியின் எட்டுப் பேர் நடுக்கோட்டில் மாறி மாறி எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாமவள் துரத்துவாள். ஓடுகிறவள் எப்படியும் வளையலாம், வரிசைக்குள் புகுந்து மறுபக்கம் போகலாம்; துரத்துகிறவளோ நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, நினைத்த இடத்தில் திரும்பவும் கூடாது. அதனால் எவ்வளவு வேகமானவளாலும் தனியாகப் பிடிக்க முடியாது. உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி 'கோ' சொல்லித் துரத்தலை ஒப்படைக்க வேண்டும். அடுத்த தட்டு யார் முதுகில் என்று தெரியாது. அதனால் எட்டுப் பேரும் விழிப்போடு காத்திருப்பார்கள். ஒரு கெட்டிக்காரி மட்டுமே ஆடி, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் ஆட்டம் இல்லை இது. கூச்சப்படும் பெண்ணுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

ஆட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தாலும் மனம் தளராதே. பெண்களுக்கான முதல் தேசிய கிரிக்கெட் போட்டியும் புனேயில்தான் நடந்தது, 1973 ஏப்ரலில். வந்தவை மூன்றே அணிகள்: பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப்பிரதேசம். அந்த ஆண்டின் இறுதியில் வாராணசியில் எட்டு அணிகள். அடுத்து கல்கத்தாவில் பதினான்கு. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கியபோது, அந்த வெற்றிக்கு வந்த வழியின் தொடக்கத்தில் அந்த மூன்று அணிகளும் இருந்தன.

நம் சென்னைக் கார்த்திகாவையும் பார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியின் துணைத் தலைவி. வளர்ந்தது கண்ணகி நகரில். சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்திய இடம் அது.

இனி உன் வேலை. முறையான கோ-கோ களம் 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். பழகுவதற்குச் சிறியதும் போதும், ஆனால் மண் தரையாக இருக்கட்டும். கான்கிரீட்டில் விழுந்தால் முட்டி பெயரும். சோசைட்டியில் மண் இல்லையென்றால் பக்கத்துப் பள்ளியில் மைதானம் கேளுங்கள். பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு மணி நேரத்தைக் கமிட்டியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஒரு வாரம்கூட நிற்காது. கழிப்பறை அருகில் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்பதை முதல் நாளே பார்த்துவிடு. பெண்கள் வராமல் போவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சல்வாரில் வருகிறவளை உடை மாற்றச் சொல்லாதே. அம்மாக்களையும் வரிசையில் உட்கார வை. அவர்களில் எத்தனையோ பேர் பள்ளியில் கோ-கோ ஆடியவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு அளவு நாடாவும் கோலப்பொடியும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கு. போகிற வழியில் எதிர்வீட்டு மணியை அடி.

அன்புடன்,
அக்கா