சுவர்ப் படங்கள்: செவிவழிச் செய்திகளும் உண்மைகளும்

தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயங்காத நாம், அதை எங்கே, எப்படி மாட்டுவது என்பதை மட்டும் யாரோ சொன்னதைக் கேட்டே முடிவு செய்கிறோம். கேடு ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பதால், “பழசாகிவிட்டது” என்று காலத்தின்மேல் பழிபோட்டுவிடுகிறோம். தவறு திருத்தப்படாமலே அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

“கண்ணாடி போட்டால் வெயில் ஒன்றும் செய்யாது.”
சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கும். மீதியும், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் உள்ளே போகும். இரண்டுமே சாயத்தை வெளிறச் செய்பவை. நீர்வண்ண ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் சுமார் 50 லக்ஸ் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். பகலில் நம் ஜன்னலோரத்தில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு. தூசியைத் தடுப்பது கண்ணுக்குத் தெரிவதால், கண்ணாடி எல்லாவற்றையும் தடுக்கும் என்று நம்பிவிடுகிறோம். வெளிறிய நிறமோ திரும்புவதில்லை.

“ஈரத்துணியால் துடைத்தால் தஞ்சாவூர் ஓவியம் பளிச்சென்று ஆகும்.”
பலகையின்மேல் துணி, அதன்மேல் பசையில் குழைத்த சுண்ணப்பொடி, அதன்மேல் தங்கத்தாள்: இதுதான் அந்த ஓவியத்தின் உடல். ஈரம் பட்டால் பூச்சு இளகும், தங்கத்தாள் உரியும். கண்ணாடி இல்லாத ஓவியத்துக்கு உலர்ந்த மென்தூரிகையே போதும். குளியலறையை ஒட்டிய சுவரும், மழையில் ஊறும் வெளிச்சுவரும் இதே கேட்டைப் பின்பக்கமாகச் செய்யும். சட்டத்தின் பின்மூலைகளில் சிறு கார்க்குத் துண்டுகளை ஒட்டினால் காற்றோட்டம் கிடைக்கும். பூஞ்சைக்கு அவ்வளவு எளிதில் இடமிராது.

“உயரத்தில் மாட்டுவதே மரியாதை.”
பழைய வீடுகளில் படங்களை உயரத்தில் மாட்டினாலும், கயிறு கட்டி முன்பக்கம் சாய்த்திருப்பார்கள். கீழிருந்து பார்த்தாலும் முகம் தெரியும். நாம் சாய்வை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருப்பது காட்சிக்கூடங்களின் பொதுவழக்கம். அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும் என்றால், யாரும் பார்க்கமாட்டார்கள்.

“ஆணி இறங்கிவிட்டால் எந்த எடையும் தாங்கும்.”
உட்சுவரின் பூச்சு பெரும்பாலும் 12 மி.மீ. அளவுதான். அதில் மட்டும் பிடித்து நிற்கும் ஆணி நாள்காட்டியைத் தாங்கும். கனமான சட்டத்தை அல்ல. செங்கல்வரை துளையிட்டு, பிளக் வைத்து, இரண்டு திருகாணிகளில் மாட்ட வேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள். சுவருக்குள் மின்கம்பி போகும் வழி அது. மாட்டிய அன்றே விழாததால் தவறு தெரிவதில்லை. விழும்போது கீழே குழந்தை உட்கார்ந்திருக்கலாம்.

“கீதோபதேசப் படம் இருந்தால் வீட்டில் சண்டை வரும்.”
படம் இல்லாத வீடுகளிலும் சண்டை நடக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. படம் வந்தபின் நடந்த சண்டை மட்டும் நினைவில் நிற்கிறது. இந்தக் கணக்குப்பிழைக்காக நல்ல படங்களைக் கோயில் மரத்தடியில் போட்டுவிட்டு வருகிறோம். அங்கே வெயிலும் மழையும் அவற்றை முடித்துவிடுகின்றன.

மாட்டுவதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: வெயில் படுகிறதா, ஈரம் ஏறுகிறதா, எடையைச் சுவர் தாங்குமா? இவற்றுக்கு விடை சுவரைப் பார்த்தாலே கிடைக்கும். பக்கத்து வீட்டாரைக் கேட்க வேண்டியதில்லை.