சாரலுக்கு முன் சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் மழை இரண்டு விதம். ஜூன் பிறந்ததும் குமுளிப் பக்கமிருந்து காற்றோடு இறங்கும் சாரல் ஒன்று. கூடலூரிலும் கம்பத்திலும் அது பகலெல்லாம் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும். சின்னமனூர் தாண்டி வரும்போது பல நாள் காற்று மட்டும்தான் மிச்சமிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலமாகப் பார்த்து இடி மின்னலோடு கொட்டுவது இன்னொன்று. தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டிக்காரர்களுக்கு அதுதான் மழை. சாரல் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஐப்பசி மழை ஆளையே கீழே தள்ளிவிடும். வண்டியைத் தயார் செய்யும்போது இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மழைக்காலம் என்றதும் எல்லாரும் முதலில் போய் மழைக்கோட்டு வாங்குகிறோம். என்னைக் கேட்டால் அது கடைசிச் செலவு. மேலேயிருந்து விழுகிற தண்ணீரைத் துண்டால் துவட்டிக்கொள்ளலாம். கீழே சக்கரம் வாரி எறிகிற சேற்றுத் தண்ணீர்தான் செயினுக்குள்ளும் பால்ஸுக்குள்ளும் புகுந்து வண்டியை அரிக்கிறது. ரிம்மில் படிந்து பிரேக்கை ஏமாற்றுகிறது. அதனால் கையில் இருக்கும் காசை முதலில் பிரேக்குக்குக் கொடுங்கள். அடுத்து மட்கார்டு, செயின், விளக்கு. கோட்டுக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

பிரேக்

நம் ஊரில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு ரிம். காய்ந்திருக்கும்போது அதில் ரப்பர் கட்டை நன்றாகவே பிடிக்கும். நனைந்தால் ரிம்முக்கும் கட்டைக்கும் நடுவே தண்ணீர் ஒரு மெல்லிய படலமாக நின்றுகொள்ளும். அதைக் கட்டை வழித்துத் தள்ளும்வரை வண்டி போய்க்கொண்டேதான் இருக்கும். அலுமினிய ரிம்மில் இந்தத் தொல்லை குறைவு. இப்போதே சக்கரத்தை மாற்றச் சொல்லவில்லை. என்றைக்காவது ரிம் கோணி மாற்ற வேண்டி வந்தால் அலுமினியமாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். பிரேக் கட்டையை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தால் உப்புத்தாளில் நாலு தேய்ப்புத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். கட்டையில் உள்ள கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் தேய்த்துப் பிரயோஜனமில்லை, மாற்றிவிடுங்கள். வண்டியில் மாற்றுகிற சாமான்களிலேயே விலை குறைந்தது இதுதான். ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த துணியால் துடையுங்கள். செயினுக்கு விட்ட எண்ணெய் பின் ரிம்மில் தெறித்திருந்தால் அதுவே போதும், பிரேக் செத்துப்போகும். கேபிள் பிரேக் என்றால் உறைக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பிடியை அழுத்தி அழுத்தி விடுங்கள். விட்டதும் பிடி துள்ளித் திரும்ப வேண்டும். மந்தமாக வந்தால் உள்ளே துரு ஏறிவிட்டது, கேபிளையே மாற்றுங்கள். கம்பி பிரேக் வண்டியில் கம்பி மூட்டுகளின் திருகுகள் ஆடுகின்றனவா என்று பார்த்தால் போதும்.

முன் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும் என்ற பயத்தில், “அண்ணே, முன் பிரேக்கைக் கழற்றி விட்டுருங்க” என்று கடைக்காரரிடம் சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தப்பு. வண்டி நிற்கும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குத்தான் வருகிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு அதனுடையது. ஈரத்தில் பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் பின் சக்கரம் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் சறுக்கும். இரண்டும் வேண்டும். பிடிக்கிற விதமும் மாற வேண்டும்: நிற்க வேண்டிய இடத்துக்கு நல்ல தூரம் முன்பே இரண்டையும் லேசாக உரசவிட்டு ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடையுங்கள், கட்டை பிடிக்கத் தொடங்கியது கைக்குத் தெரிந்ததும் அழுத்துங்கள்.

வெயில் நாளிலேயே இதைச் சோதித்துவிடலாம். தெருவில் ஒரு கோடு போட்டு, வழக்கமான வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடித்து, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு இரண்டு ரிம்மிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு அதே மாதிரி வாருங்கள். எவ்வளவு தள்ளிப் போய் நிற்கிறதோ அவ்வளவு இடைவெளி மழையில் முன்னால் போகும் பஸ்ஸுக்கும் உங்களுக்கும் நடுவே இருக்க வேண்டும். சாரல் காலத்தில் உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூர் பக்கம் காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் காற்று முதுகில் இருக்கும், சாலையும் மெல்ல இறங்குகிற சாலை. அவர்கள் அந்த இடைவெளியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வது நல்லது.

மட்கார்டும் ரப்பர் மடலும்

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளில் மட்கார்டு, கேரியர், கூடை எல்லாம் சேர்ந்தே வருகிறது. அப்பா அம்மாவிடம் அடம்பிடித்து வாங்கும் கியர் சைக்கிளில்தான் ஒன்றும் இருப்பதில்லை. அகல டயர், பளபளப்பான பெயின்ட், ஒரு மழையில் முதுகு முழுக்கச் சேற்றுக்கோடு. அப்படிப்பட்ட வண்டிக்குச் சட்டத்தில் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் மட்கார்டு கடைகளில் கிடைக்கிறது. நீளமானதாகப் பார்த்து வாங்குங்கள், குட்டையானது அழகுக்குத்தான்.

முழு மட்கார்டு இருந்தாலும் முன் சக்கரத்தில் ஒரு குறை உண்டு. மட்கார்டு பாதியிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே தெறிக்கும் தண்ணீர் நேராக உங்கள் கால்மேலும் பெடல் அச்சுமேலும் செயின்மேலும் அடிக்கும். இதற்கு ஒரு ரப்பர் மடல் போதும். லாரி டியூபில் ஒரு துண்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் சீட் கவர் தைக்கும் கடையில் ரெக்சின் வெட்டு கேளுங்கள். மட்கார்டைவிட இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக, கீழ்ப்பக்கம் சற்று அகன்று இருக்கும்படி வெட்டுங்கள். தரைக்கு நாலு விரற்கடை மேலே முடிய வேண்டும்; அதற்குக் கீழே போனால் வேகத்தடையில் உரசி மடங்கிச் சக்கரத்துக்குள் போய்விடும். மட்கார்டின் நுனியில் இரண்டு ஓட்டை போட்டு, வாசர் வைத்து, சின்ன போல்ட்டால் முடுக்குங்கள். போல்ட்டின் தலை உள்பக்கம், நட்டு வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால் போல்ட் நுனி டயரைக் கீறும். இந்தச் சின்ன வேலை தடுக்கிற சேற்றை எந்தக் கோட்டும் தடுக்காது.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முல்லைப் பெரியாறு தண்ணீரில் இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல் விளைகிறது. முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூனில் தண்ணீர் திறப்பார்கள். நடவு நேரத்தில் தொழி அடித்துவிட்டு வரும் டிராக்டர்கள் வயல் சேற்றைத் தார்ச்சாலையில் உதிர்த்துக்கொண்டே போகும். அந்தக் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் சக்கரமே சுற்றாது. இரும்பு மட்கார்டின் உள்பக்கம் துருப்பிடிப்பதும் இந்த மண்ணால்தான். வாரம் ஒருமுறை குச்சியால் சுரண்டி விடுங்கள்.

செயின், பால்ஸ்

முழு செயின் கவர் இருக்கிற வண்டியை வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். “பழைய மாடல்” என்று கேலி செய்கிறவர்களின் பேச்சைக் கேட்டு அதைக் கழற்றிவிடாதீர்கள். திறந்த செயின் என்றால் நனைந்து வந்த அன்றே துணியால் துடைக்க வேண்டும். மறுநாள் காலையில் துடைத்தால் துணி சிவப்பாகும். காய்ந்தபின் உள்பக்கமாக ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய். பெடலைப் பின்னோக்கிச் சுற்றி ஊறவிட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வெளியே நிற்கும் எண்ணெய் மண்ணைப் பிடிக்கத்தான் உதவும். தையல் மிஷின் எண்ணெய் வெயிலுக்குச் சரி, ஒரு மழையில் ஓடிவிடும். தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும். பைக் ஒர்க்‌ஷாப்பில் வடித்த கறுப்பு ஆயில் இனாமாகக் கிடைக்கும். அதில் இரும்புத்தூள் கலந்திருக்கும், வேண்டாம். பைக் செயினுக்கு விற்கிற கெட்டியான எண்ணெய் போதும்.

சக்கர அச்சு, பெடல் அச்சு, ஹேண்டில்பார் மூன்றிலும் பால்ஸ் இருக்கிறது. மழைக்கு முன்னால் ஒரு ஓவராயில், கார்த்திகை முடிந்ததும் ஒன்று. புது கிரீஸ் வைக்கும்போது தாராளமாக வைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் நுழைய இடமிருக்கக் கூடாது. வாட்டர் சர்வீஸில் பைக்கோடு சேர்த்து சைக்கிளையும் பீய்ச்சியடிக்கக் கொடுப்பவர்களுக்கு: அந்த வேகத்தில் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும்.

டயரும் வழுக்கும் இடங்களும்

நடுவில் வழுக்கையான டயரை மாற்றுங்கள். காற்றை வெயில் காலத்தைவிட ஒரு துளி குறைத்து வையுங்கள், பிடிப்பு கூடும். ரிம் தரையில் இடிக்கும் அளவுக்குக் குறைக்க வேண்டாம். ஈரத்தில் பஞ்சர் அதிகம். ஓரத்து மண்ணோடு வேலிக்கருவை முள்ளும் கண்ணாடித் தூளும் சாலைக்கு வந்துவிடும். நனைந்த ரப்பரில் முள் சுலபமாக இறங்கும். ஒட்டுப் போடலாம் என்றால் ஈர டியூபில் ஒட்டு நிற்காது. அதனால் தினமும் வீட்டுக்கு வந்ததும் டயரை ஒரு சுற்றுப் பார்த்து முள்ளைப் பிடுங்கிவிடுவதுதான் வழி.

வழுக்குகிற இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: சாணி, புளியிலை, இரும்பு மூடி, சாலையில் பூசிய வெள்ளைக் கோடு. தேனிக்காரர்களுக்குப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அகலப்பாதை வேலைக்காகப் பல வருஷம் நின்றிருந்த ரயில், 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் திரும்ப வந்தது. ரயில்வே கேட்டில் நனைந்த தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் முன் சக்கரம் வழுக்கும், பள்ளத்தில் மாட்டினால் கேட்கவே வேண்டாம். நேர்குறுக்காகக் கடங்கள், தண்டவாளத்தின்மேல் பிரேக் பிடிக்காதீர்கள். கூட்டமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

விளக்கு

ஐப்பசியில் மேகம் கூடினால் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். டயரில் உரசி ஓடும் டைனமோ ஈரத்தில் வழுக்கும். வெளிச்சம் வேண்டிய நேரத்தில் மங்கும். பேட்டரி எல்.இ.டி. விளக்கு இரண்டு வாங்குங்கள், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிவப்பு. முன்னால் பள்ளம் தெரியாவிட்டால் மெதுவாகப் போய்விடலாம். பின்னால் வருகிற ஜீப் டிரைவருக்கு நீங்கள் தெரியாவிட்டால் உங்களால் செய்ய ஒன்றுமில்லை. சிவப்பு விளக்கை மட்கார்டில் மாட்டுங்கள். சீட்டுக்கடியில் மாட்டினால் கேரியரில் வைத்த பையும் தொங்கும் கோட்டும் மறைத்துவிடும். பழைய சைக்கிள்களின் பின் மட்கார்டு நுனியில் வெள்ளை பூசியிருப்பது அழகுக்காக அல்ல. உரிந்துபோயிருந்தால் திரும்பப் பூசிவிடுங்கள்.

கோட்டு, செருப்பு, பை

தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணி நடக்கிறவர்களுக்கு அருமையானது. சைக்கிளுக்கு ஆகாது, இரண்டு பக்கப் பார்வையையும் மறைக்கும். பாஞ்சோ என்று விற்கும் பெரிய போர்வைக் கோட்டும் இங்கே சரிப்படாது. ஆண்டிபட்டி வட்டாரத்தில் காற்றாலை நட்டிருக்கிறார்கள் என்றால் காற்று எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்புவரை வரும் சட்டைக் கோட்டு, வெளிர் நிறத்தில், போதும். முழு ரப்பர் உடுப்பு போட்டு வீரபாண்டியிலிருந்து தேனிவரை மிதித்தால் மழையில் நனையாவிட்டாலும் வேர்வையில் நனைவீர்கள். கால்சட்டை நனையட்டும், மாற்று உடுப்பைப் பாலித்தீன் பையில் கட்டிக் கேரியரில் வையுங்கள். உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்தால் பள்ளிக்கூடப் பை முழுசாக அதற்குள் போகும்.

ஹவாய் செருப்பு ஈரப் பெடலில் நிற்காது. பின்வார் வைத்த செருப்பு போடுங்கள். பெடல் கட்டை மழுங்கியிருந்தால் பழைய டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றுங்கள்.

ஒரு கையில் குடையோடு ஓட்டுவது வேண்டவே வேண்டாம். ஜப்பானில் அதற்குத் தடையே இருக்கிறது. ஒரு கையால் இரண்டு பிரேக்கையும் பிடிக்க முடியாது, சாரல் காற்றில் குடை இழுக்கிற பக்கம் வண்டி போகும்.

இடி இடித்தால் ஓட்டாதீர்கள். மரத்தடியில் ஒதுங்காமல் பஸ் நிறுத்தத்திலோ கடையிலோ நில்லுங்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், அது கணுக்கால் அளவே தெரிந்தாலும், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இதில் ஓவராயிலும் கேபிளும் மட்டும்தான் கடை வேலை, மற்றதெல்லாம் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். அந்தக் கடை வேலைக்கு மே கடைசியிலேயே வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் பிள்ளைகளின் வண்டிகள் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும், உங்களுடையது கைக்கு வர நாளாகும்.