சுருங்கிய கையெழுத்து

நுழையும்முன்

சிரிக்காதவரைச் சினமுடையவர் என்கிறோம். நடை தளர்ந்தவரைச் சோம்பேறி என்கிறோம். தள்ளாடுபவருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். உடலையும் முகத்தையும் கண்டு ஒருவருடைய குணத்தை முடிவு செய்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. அம்முடிவு எத்துணை பிழையாகக்கூடும் என்பதையும், மூளைக்குள் ஊறும் ஒரு வேதிப்பொருள் மனிதரின் நடை, எழுத்து, ஆசை ஆகியவற்றை எவ்வாறு ஆள்கிறது என்பதையும், அதனை அறிவியல் கண்டறிந்த வரலாற்றில் நம் நாட்டுச் செடிகள் இரண்டு பெற்ற இடத்தையும் இப்பாடம் கூறுகிறது.

எங்கள் தெருப் பெரியவர்

பம்மலில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வாழ்ந்தார். பக்கத்து நாகல்கேணியில், தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே தோல் பதனிட்ட ஒரு நிறுவனத்தின் பெயரால் வந்தது. அவ்வளவுக்கு இப்பகுதி தோலோடு பிணைந்தது. மழைநாளில் தோல் ஊறும் வாடை தெருமுனை வரை வரும். தமக்கு அது தெரிவதே இல்லை என்பார் அவர். தொழிலால் வந்த பழக்கம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். சில மாதங்களில், வீட்டில் கருவாடு வறுத்தாலும் தெரியவில்லை என்றார். மல்லிகையும் மணக்கவில்லை என்றார். அப்போதும் ஒருவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

பின்னர் ஒருநாள் வைப்புத்தொகையை எடுக்க வங்கிக்குச் சென்றவரைக் கையொப்பம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டனர். கணக்கேடுகளில் முத்துமுத்தாக எழுதிய கை அது. இப்போதோ முதலெழுத்து ஓரளவு பெரிதாகத் தொடங்கி, அடுத்தடுத்த எழுத்துகள் சுருங்கிச் சுருங்கி, இறுதியில் எறும்பு ஊர்ந்த தடம்போல் முடிந்தது. வீட்டிலோ வேறு குறை. “பேரப்பிள்ளைகள் வந்தால்கூட முகம் மலர்வதில்லை. யார்மேல் கோபம் என்றும் சொல்வதில்லை” என்று அவர் துணைவியார் என்னிடம் வருந்தினார். பேருந்து நிறுத்தத்தில் அவர் தடுமாறியதைக் கண்ட ஒருவர், ‘இந்த வயதில் குடிக்கத் தொடங்கிவிட்டார்’ என்று சொல்ல, அச்சொல் தெரு முழுதும் பரவியது. வாழ்நாளில் மதுவைத் தொடாதவர் அவர். அச்சொல்லைக் கேட்ட பிறகு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்.

இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. வலக்கை விரல்கள் எதையோ உருட்டுவதுபோல் ஓயாது நடுங்கத் தொடங்கிய பின்னரே நரம்பியல் மருத்துவரிடம் சென்றனர். மருத்துவர் அவரை எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார், கையை மடியில் வைத்துச் சும்மா இருக்கச் சொன்னார். சும்மா இருக்கும்போது நடுங்கிய கை, தண்ணீர்க் குவளையை எடுக்க நீளும்போது நடுக்கம் குறைந்தது. நெடுநாள் முன்பே மறைந்த மணவுணர்வும், சுருங்கிய எழுத்தும், அசைவிழந்த முகமும் ஒரே நோயின் அடையாளங்கள் என்று அவர் விளக்கினார். அது பார்க்கின்சன் நோய். நம் மருத்துவ மரபில் நடுக்குவாதம் எனப்படுவது இதனை ஒத்தது. 1817 இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதில் அவர் குறித்த நோயாளர் அறுவர். அவர்களுள் சிலரைத் தெருவில் கண்டே இனம் கண்டுகொண்டார். நாங்களும் தெருவில்தான் கண்டோம். எங்களுக்குக் கண்ணிருந்தும் பயனில்லாமல் போயிற்று.

செய்தி செல்லும் வழி

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் அண்டையிலுள்ள செல்களோடு பேசிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் ஒரு செல் மற்றொன்றைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே, தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே ஆன இடைவெளி ஒன்று உண்டு. செல்லுக்குள் மின்துடிப்பாக ஓடிவரும் செய்தி அவ்விடைவெளியின் கரையில் நின்றுவிடுகிறது. அங்கே நுண்பைகளில் காத்திருக்கும் வேதிப்பொருள் வெளிப்பட்டு, பரிசல்போல் மறுகரை சேர்ந்து, தனக்கென அமைந்த ஏற்பியில் பொருந்துகிறது. மறுகரையில் மீண்டும் மின்துடிப்பு எழுகிறது. அல்லது எழவிருந்த துடிப்பு அடங்குகிறது. இவ்வாறு செய்தி சுமக்கும் பொருள்களை நரம்புணர்வு கடத்திகள் என்பர். அசிட்டைல்கோலின், செரட்டோனின், டோபமின் முதலிய பல கடத்திகள் அறியப்பட்டுள்ளன. மனத்தின் மீதும் நரம்பின் மீதும் வேலை செய்யும் மருந்துகளுள் பெரும்பாலானவை இந்தப் பரிசல் துறையில்தான் கைவைக்கின்றன: பரிசலைக் கூட்டுவது, குறைப்பது, விரைவில் அழியாமல் காப்பது, மறுகரைத் துறையை அடைத்துவிடுவது.

டோபமினை ‘மகிழ்ச்சிப் பொருள்’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அப்பெயர் அத்துணைப் பொருத்தமன்று. இன்பத்தைத் தருவதைவிட, ஒன்றை நாடிச் செல்லும் விழைவைத் தூண்டுவதே அதன் வேலை. கையை நீட்டுவதும் ஒரு நாட்டம்தானே? நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு சிறுபகுதியின் செல்கள் டோபமினை உண்டாக்கி, இயக்கத்தை நெறிப்படுத்தும் பகுதிகளுக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சன் நோயில் இச்செல்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. அவற்றுள் பெரும்பகுதி மடிந்த பின்னரே நடுக்கம் வெளியே தெரிகிறது. பெரியவரின் உள்ளத்தில் பேரப்பிள்ளைகள்மீது அன்பு இருந்தது. அதனை முகத்திற்குக் கொண்டுசெல்லும் பரிசல் இல்லை.

இரண்டு செடிகள்

இவ்வுண்மையை உலகம் அறிந்த கதையில் நம் நாட்டுச் செடிகள் இரண்டு வருகின்றன. ஒன்று சர்ப்பகந்தா. அதன் வேர் மனநோய்க்கும் உயர்குருதி அழுத்தத்திற்கும் மருந்தாகும் என்று 1931 இல் கொல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போசு ஆகிய மருத்துவர்கள் கட்டுரை எழுதினர். 1952 இல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். கொந்தளித்த மனத்தை அது அடக்கியது. ஆனால் சிலரை ஆழ்ந்த சோர்விலும் உடல் விறைப்பிலும் தள்ளியது. காரணம் அப்போது விளங்கவில்லை.

மற்றொன்று நம் வேலிகளில் படரும் பூனைக்காலி. அதன் காயிலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் என்பது கிராமத்துப் பிள்ளைகள் அறிந்தது. அவ்விதையைப் பாலில் வேகவைத்துத் தூய்மை செய்து மருந்தாக்குவது சித்த மருத்துவ மரபு. 1937 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில், சேப்பாக்கத்தில், எம். தாமோதரன், ஆர். இராமசாமி ஆகிய இருவர் இவ்விதையிலிருந்து ஒரு வேதிப்பொருளைத் தனியே பிரித்தெடுத்து உயிர்வேதியியல் இதழில் எழுதினர். அப்பொருளே இன்று லெவோடோபா எனப்படுவது. டோபமின் மூளையின் தூதுப்பொருள் என்பதே தெரியாத காலம் அது. எனவே தாளில் எழுதப்பட்ட அந்தச் செய்தி, தன் பொருள் விளங்கக் காத்திருந்தது.

இருபது ஆண்டுகள் சென்றன. 1957 இல் சுவீடன் நாட்டின் இலண்டு நகரில் ஆர்விட் கார்ல்சன் குழுவினர் முயல்களுக்கு ரெசர்பினைச் செலுத்தினர். முயல்கள் காதுகள் தாழ, அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோபாவைச் செலுத்தினர். கால்மணி நேரத்திற்குள் முயல்கள் காதுகளை நிமிர்த்தி எழுந்தன. ரெசர்பின் நுண்பைகளில் டோபமினைச் சேரவிடாமல் செய்து அவற்றை வெறுமையாக்கியது. டோபா மூளைக்குள் சென்று டோபமினாக மாறி அக்குறையை ஈடுசெய்தது. சர்ப்பகந்தா தந்த பொருள் கிடத்திய முயலைப் பூனைக்காலியிலும் உள்ள பொருள் எழுப்பியது என்று சொன்னால் தவறில்லை. 1960 இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், இந்நோயால் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, டோபமின் பெரிதும் குறைந்திருப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டே நோயாளர்களுக்கு லெவோடோபா ஊசி வழியே தரப்பட்டது. படுக்கையில் கிடந்தோர் எழுந்து நடந்தனர். கார்ல்சனுக்கு 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

தெரிந்து தெளிவோம்

டோபாவை முதலில் விதையிலிருந்து பெற்றவர்கள் சென்னையினர் அல்லர். 1913 இலேயே ஐரோப்பியர் உண்ணும் ஓர் அவரை வகையிலிருந்து அதனைப் பெற்று அறிந்தனர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதனை ஆராய்ந்த மார்க்கஸ் குகன்ஹைம், இரண்டரை கிராம் அளவைத் தாமே விழுங்கிப் பார்த்தார்; குமட்டி வாந்தி எடுத்தார். விழுங்கிய டோபாவில் பெரும்பங்கு மூளையை அடையுமுன் உடலிலேயே டோபமினாக மாறிவிடுவதால் வந்த துன்பம் அது. டோபமினை நேரே உண்ணவும் இயலாது. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது கடப்பதில்லை. ஆதலால் வழியில் மாறாமல் காக்கும் கார்பிடோபா என்னும் பொருளை லெவோடோபாவுடன் சேர்த்தே இன்று மாத்திரை செய்கின்றனர்.

குறைந்தாலும் மிகுந்தாலும்

டோபமின் குறைந்தால் உடல் விறைக்கிறது. அதன் செயற்பாடு மூளையின் சில பகுதிகளில் மிகுந்தால்? இல்லாத குரல் கேட்கலாம்; பிறர் தமக்குத் தீங்கு செய்யச் சூழ்வதாக உறுதியான எண்ணம் எழலாம். மனச்சிதைவு நோயில் காணப்படும் இவ்வறிகுறிகளைத் தணிக்கும் குளோர்புரோமசின் என்னும் மருந்து 1952 இல் பாரிசில் பயன்பாட்டுக்கு வந்தது. டோபமின் பொருந்தும் ஏற்பிகளை அது அடைக்கிறது என்பது பின்னரே தெரிந்தது. அடைப்பு மிகுந்தால் நோயாளருக்கு நடுக்கமும் விறைப்பும் வரும். ஒரு நோயின் மருந்து மற்றொரு நோயின் சாயலைத் தருகிறது. ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1794 இல் சென்னையில் தொடங்கப்பட்டுப் பின்னர்க் கீழ்ப்பாக்கத்திற்கு இடம் மாறிய மனநல மருத்துவமனைக்கு 1961 இல் கண்காணிப்பாளரானார் மருத்துவர் எம். சாரதா மேனன். நோயாளரை அடைத்து வைக்கும் இடம் என்ற நிலையிலிருந்து, மருந்தாலும் தொழிற்பயிற்சியாலும் குடும்பத்தாரின் துணையாலும் அவர்களை வீட்டுக்கு அனுப்பும் இடமாக அதனை மாற்ற உழைத்தார். அவரது பணி நடந்த அதே தமிழ்நாட்டில்தான், 2001 ஆகத்து 6 ஆம் நாள், ஏர்வாடியில் மனநோயாளரைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். மருந்து வந்து அரைநூற்றாண்டு ஆகியும் சங்கிலி போகவில்லை. அது மருத்துவத்தின் குறை மட்டுமன்று.

மாத்திரைக்குப் பின்

எங்கள் தெருப் பெரியவர் லெவோடோபா உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் முகம் மலர்ந்தது. பருப்பும் பாலும் முட்டையும் மிகுந்த உணவோடு உண்டால் அவற்றிலுள்ள புரதம் இம்மருந்தோடு போட்டியிடும் என்பதால், உணவுக்கு அரைமணி நேரம் முன்பே மாத்திரை. “விதையிலேயே இருக்கிறதென்றால் விதையைத் தின்றால் ஆகாதா, ஐயா?” என்று அவர் துணைவியார் என்னைக் கேட்டார். நல்ல வினா. 2004 இல் இலண்டனில் எட்டு நோயாளர்களிடம் பூனைக்காலி விதைப்பொடியை ஆராய்ந்தபோது அது விரைந்து பயன் தந்ததையே கண்டனர். ஆயினும் விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். வேறு பொருள்களும் உடன் இருக்கும். எட்டுப் பேரிடம் கண்டது எல்லார்க்கும் போதிய சான்றாகாது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. எம்மருத்துவமாயினும் உண்ணும் மற்ற மருந்தை மருத்துவரிடம் மறையாது சொல்லிய பின்னரே தொடங்க வேண்டும் என்று சொன்னேன்.

மூன்றாம் ஆண்டில் டோபமினைப்போல் செயற்படும் மற்றொரு மாத்திரை சேர்க்கப்பட்டது. அதன்பின் வேறொரு மாற்றம். பெரியவர் நள்ளிரவில் எழுந்து சுவர்க்கடிகாரங்களைக் கழற்றிப் பூட்டினார். தெருவில் பழுதான கடிகாரங்களை விலைக்கு வாங்கினார். ஒரு மாதத்தில் பதினேழு சேர்ந்தன. சேமிப்பு கரைந்தது. அறிவு கலங்கிவிட்டது என்று மகன் அஞ்சி, மாத்திரைகளையெல்லாம் ஒரே நாளில் நிறுத்திவிட எண்ணினார். நல்லவேளை, முதலில் மருத்துவரைக் கேட்டார். இம்மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே கேடாகலாம். சிலருக்கு இவ்வகை மாத்திரை அடக்கவியலா நாட்டத்தைத் தூண்டும். சூதில் இறங்கியோரும் உண்டு. அதனை வெட்கப்பட்டு மறைப்பதே பெருந்தீங்கு என்று மருத்துவர் கூறி, அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். கடிகார ஆசை இரண்டு மாதத்தில் அடங்கியது.

வங்கிக்குப் புதிய மாதிரிக் கையொப்பம் கொடுத்தாயிற்று. மாத்திரையின் பயன் நாள் முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. எனவே காலை மாத்திரை உண்டு ஒரு மணி நேரம் கழித்தே பெரியவர் வங்கிக்குப் புறப்படுவார். அவ்வேளையில் கையொப்பம் பொருந்தும். அவர் பழுது பார்த்த கடிகாரங்களுள் ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடுகிறது. நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் முந்தும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் வழங்கும் நோய்ப்பெயர்களுள் மனிதரை இழித்துரைக்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு மாற்றாக வழங்கத்தக்க சொற்களை எழுதுக.

2. பூனைக்காலி, சர்ப்பகந்தா ஆகியவற்றுக்கு உங்கள் ஊர் முதியோர் வழங்கும் பெயர்களையும் பயன்களையும் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.