சர்வரை உருவாக்கும்போதே அழிக்கவும் எழுதி வைங்க

மினி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு லினக்ஸ் சர்வர் வேணுமா? அஸ்யூர் தளத்துல பக்கம் பக்கமா கிளிக் பண்ண வேண்டாம். அஸ்யூர் சிஎல்ஐ இருந்தால் மூணே வரி ஸ்கிரிப்ட் போதும். நாளைக்கு மறுபடி வேணும்னா, அதையே திரும்ப ஓட்டலாம்.

1. 'ஏஇசட் லாகின்': கணக்கில் நுழைய.

2. 'ஏஇசட் குரூப் கிரியேட்': பெயரும் லொகேஷனும் கொடுத்தால் ரிசோர்ஸ் குரூப் தயார். இதை ஒரு காலிப் பெட்டியாக நினைச்சுக்கோங்க.

3. 'ஏஇசட் விஎம் கிரியேட்': குரூப் பெயர், மெஷின் பெயர், இமேஜ் கொடுங்க. மெஷின், டிஸ்க், நெட்வொர்க் கார்டு, ஐபி முகவரி எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வந்துவிடும்.

வேலை முடிஞ்சதும்தான் கவனம் தேவை. 'விஎம் ஸ்டாப்' கொடுத்தால் மெஷின் அணையும், கட்டணம் நிற்காது! 'விஎம் டிஅலோகேட்' கொடுத்தால் மெஷின் கட்டணம் நிற்கும். டிஸ்க் கட்டணம் ஓடிக்கிட்டே இருக்கும். 'ஏஇசட் குரூப் டெலிட்' கொடுத்தால்தான் பெட்டியோடு மொத்தமும் காலி. உள்ளே இருக்கும் ஃபைல்களும் போயிடும். தேவையானதை முன்பே காப்பி பண்ணிக்கோங்க.

மாணவர் கணக்கில் கிடைப்பது 100 டாலர். அது தீர்ந்தால் கணக்கே முடங்கும். அதனால உருவாக்கும் ஸ்கிரிப்ட் எழுதும் அன்றே, அழிக்கும் ஸ்கிரிப்ட்டையும் பக்கத்துலேயே எழுதி வெச்சிடுங்க.